பயிற்சியின்றிப் பறத்தல்



தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரமும், வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரமும் பறந்திருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இதனைக் குறைத்தால் செலவு குறையுமே எனச் சிலர் கேட்கின்றனர். பொருளாதாரம் பயின்றவனிடம் இக்கேள்வி வருவது இயல்பே. தெளிந்த வானில் சிறு விமானத்தை நேராகச் செலுத்துவது கடினமன்று. முதல் நாளிலேயே எவரும் ஓரளவு கற்றுவிடலாம். ஆபத்து அந்த எளிமையில்தான் மறைந்துள்ளது.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையை மீறினால், தூக்குவிசை சட்டெனக் குறைகிறது. இதனை 'ஸ்டால்' என்பர். விமானத்தின் மூக்கு தாழ்கிறது. பயிற்சியற்ற கை உடனே கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கும். செய்ய வேண்டுவதோ அதனை முன்னே தள்ளுவது. தரை எதிரே நெருங்கி வருகையில் மூக்கை மேலும் தாழ்த்துவது மனித இயல்புக்கு மாறானது; ஆசிரியருடன் பலமுறை செய்து பழகினாலன்றி வாராது. திருப்பத்தில் நிலைமை இன்னும் கடிது. நேராகப் பறக்கையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது சுமார் 141 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். தரையிறங்கு முன் தாழ்வான உயரத்தில் இது நேர்ந்தால் மீள இடமில்லை.

மேகம் இதனினும் வஞ்சகமானது. மெல்லத் தொடங்கி நீடிக்கும் திருப்பத்தை நம் உட்செவி உணர்வதில்லை. நேராகப் போவதாகவே தோன்றும். உயரம் குறைவதைக் கண்டு தண்டை இழுத்தால், சுழன்று இறங்கும் வட்டம் மேலும் இறுகும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேருக்கு, ஆசிரியர் உடனிருக்க, வெளிக்காட்சி மறைக்கப்பட்டது. இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை. ஆயினும் அதே மனிதர்கள், சிறிதளவு பயிற்சிக்குப் பின், வந்த வழியே பத்திரமாகத் திரும்பக் கற்றனர். ஆய்வின் இப்பிற்பகுதியை யாரும் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை.

இங்கு அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியில்லாதவர் எவரும் விமானத்தில் ஏறிவிட முடியாதே என நாம் நினைக்கிறோம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் தந்து உரிமம் பெற்றதாகச் சில விமானிகள் கைதாயினர். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதியது பற்றியும் வழக்குகள் எழுந்தன. பெட்ரோலுக்கும் ஆசிரியருக்கும் ஆகும் செலவு மிகுதி. பேனா மையோ மலிவு. சலுகை விலையில் பயிற்சி தர இயலாத நிலையில், இந்த ஆசை முற்றிலும் மறையும் என நான் நம்பவில்லை. ஆகவே தணிக்கைக்குச் செல்வோர் மாணவனின் பறப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையொப்பமிடலாகாது. அதே தேதியில் எஞ்சின் ஓடிய நேரம், எரிபொருள் வழங்கிய கணக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குறிப்பு, ஆசிரியர் அன்று வேறெந்த மாணவருடன் பறந்தார் என்பது ஆகியவற்றை அதனருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒருவர் ஏட்டைத் திருத்தலாம். நான்கு ஏடுகளையும் ஒரே பொய்க்கு இசையச் செய்வது அரிது.