இரண்டாம் பாகத்தை யார் எழுதுவது?

(மாணவர்கள் ஒருங்கிணைத்த திரையிடல் ஒன்றையொட்டி நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘சினிமாவில் இரண்டாம் பாகங்கள் உண்மையிலேயே தேவையா?’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைத்த தோழரிடம், “தேவையில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமே” என்றேன். “உட்காருங்கள், ஆனால் காரணம் சொல்லிவிட்டு உட்காருங்கள்” என்றார். காரணம் தேடப்போன இடத்தில் என் பதிலே மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதையைப் பேசிவிடுவோம். 1979இல் ‘கல்யாணராமன்’ வந்தது, 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. அப்போது இது அபூர்வமான காரியம். இன்று ‘சிங்கம்’ மூன்று பாகம், ‘அரண்மனை’ நான்கு பாகம். 1996இல் வந்த ‘இந்தியன்’ படத்துக்கு 28 ஆண்டுகள் கழித்து 2024இல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகம் வந்தபோது பிறந்தே இராதவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேராவது இருப்பீர்கள்.

இதன் பின்னாலிருக்கும் கணக்கு எளிமையானது. ஒரு புதிய பெயரை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நிறையச் செலவாகும். பழைய பெயருக்கு அந்தச் செலவு குறைவு. தியேட்டர்காரருக்கும் தொலைக்காட்சிக்கும் ஓடிடி நிறுவனத்துக்கும் விலை பேச ஒரு கைப்பிடி கிடைத்துவிடுகிறது. சிறுவயதில் ஒரு படத்தின் மீது நாம் வைத்த பாசத்தை வட்டியோடு வசூலித்துக்கொள்கிற ஏற்பாடு இது. பண்டிகை நாளில் இப்படியொரு படம் வந்தால், பெயர் தெரியாத இயக்குநரின் சின்னப் படத்துக்குக் காலைக் காட்சி ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம். எனவே தேவையில்லை. இவ்வளவுதான் நான் முதலில் சொல்ல நினைத்தது.

ஆனால் எண் போட்டு வந்த படங்களை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். எண் போடாமல் வந்த தொடர்ச்சிகளை என்ன செய்வது?

1992இல் ‘சின்ன கவுண்டர்’. அதே ஆண்டு தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. 1993இல் ‘எஜமான்’. 1994இல் ‘நாட்டாமை’. நடிகர்கள் வேறு, இயக்குநர்கள் வேறு. ஆனால் அதே பெரிய வீடு, அதே திண்ணை, அதே மரத்தடிப் பஞ்சாயத்து, துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நிற்கிற அதே மனிதர்கள். நல்ல பண்ணையார் ஒருவர், கெட்ட பண்ணையார் ஒருவர், நடுவில் அடிபட்டுச் சாவதற்கு நாலு வேலைக்காரர்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று யாரும் எண் போடவில்லை என்பதைத் தவிர இதுவும் ஒரு தொடர்தானே? ‘நாட்டாமை’ 1995இல் தெலுங்கில் ‘பெத்தராயுடு’ ஆனது, 2000இல் இந்தியில் ‘புலந்தி’ ஆனது. ‘தேவர் மகன்’ 1997இல் இந்திக்குப் போனபோது அதற்கு வைத்த பெயர் ‘விராசத்’. வழிவழியாக வருகிற சொத்து, வாரிசுரிமை என்று பொருள். இவ்வளவு பொருத்தமான பெயரை நாமே யோசித்திருந்தாலும் வைத்திருக்க மாட்டோம்.

அப்போது யாரும், “இன்னுமொரு பண்ணையார் படம் தேவையா?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி எப்போது எழுகிறது என்று பாருங்கள். பா. இரஞ்சித்தோ மாரி செல்வராஜோ அடுத்த படத்தை அறிவித்தவுடன், “மறுபடியும் சாதியா? எத்தனை படம்தான் இதையே எடுப்பீர்கள்?” என்கிறார்கள். சாதிப் பெருமையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது மண்வாசனை. சாதியின் வலியை இரண்டாவது முறை சொன்னால் அரைத்த மாவு. தேவையா என்ற கேள்வியே எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை, தோழர்களே.

எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ‘தேவர் மகன்’ படத்தின் ஒரு பாட்டு ஒவ்வோர் ஆண்டும் ஒலிபெருக்கியில் கட்டாயம் உண்டு. ஊர்வலம் எங்கள் தெருமுனைக்கு வரும்போது மட்டும் அதன் சத்தம் ஏறும். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். அது நல்ல பாட்டு, எனக்கும் பிடித்த பாட்டு, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும். பள்ளி வயதில் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தபோது என் கண் போனது சிவாஜியிடமோ கமலிடமோ இல்லை, இசக்கியிடம். பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்கச் சொல்கிறார் சின்ன முதலாளி. இசக்கி பூட்டை உடைக்கிறார். அதற்காக இசக்கியின் கை வெட்டப்படுகிறது. கதை கொஞ்ச நேரம் வருந்திவிட்டுப் பெரிய வீட்டுச் சண்டையைப் பார்க்கப் போய்விடுகிறது. அந்த ஆள் கை இல்லாமல் எப்படிப் பிழைத்தார், அவர் பிள்ளை என்ன ஆனான் என்று படம் கேட்கவில்லை.

31 ஆண்டுகள் கழித்து அதைக் கேட்டவர் மாரி செல்வராஜ். 2023இல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை எதிரில் வைத்துக்கொண்டே, ‘தேவர் மகன்’ தனக்குத் தந்த வலியைப் பற்றியும், அந்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றும் பேசினார். இரண்டு பாத்திரத்திலும் நடித்தவர் வடிவேலு. அன்று கை இழந்த முகம், இன்று தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் முகம். பதவியில் இருந்தும் சாதிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்குகிற அவரை, மகன் உட்காரச் சொல்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ‘தேவர் மகன்’ என்ற பெயரை வாங்காமல், ஒரு காட்சியைக்கூட மறுபடி எடுக்காமல், அந்தப் படத்துக்கு எழுதப்பட்ட இரண்டாம் பாகம் என்று நான் அதைத்தான் சொல்வேன். என் பதில் மாறத் தொடங்கியது இங்கேதான். முதல் படம் ஓரத்தில் நிறுத்திய ஆளிடம் பேனா போய்ச் சேர்ந்தால், தொடர்ச்சிக்கு ஒரு நியாயம் வந்துவிடுகிறது.

ஆனால் பேனா ஒரு கையில் மட்டும் இருப்பதில்லை. ‘மாமன்னன்’ ஓடிடியில் வந்த சில நாள்களிலேயே என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வில்லன் ரத்னவேலு வருகிற காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். எந்த ஆணவத்தை அந்தப் படம் அம்பலப்படுத்தியதோ, அதையே அவர்கள் நாயகனாக்கிக்கொண்டார்கள். அரை நிமிட மறு உருவாக்கம். தயாரிப்பாளர் வேண்டாம், தணிக்கை வேண்டாம், ஒரு கைப்பேசி போதும்.

இப்போது இந்திக்குப் போவோம். நம் கதையே அங்கே ஒரு தொடரின் இரண்டாம் பாகமாகியிருக்கிறது.

2016 ஏப்ரல் 29 அன்று நாகராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ மராத்தியில் வெளியானது. பாட்டீல் வீட்டுப் பெண் ஆர்ச்சி, மீன்பிடிக் குடும்பத்துப் பையன் பர்ஷ்யா. இருவராக நடித்ததும் புதுமுகங்கள். 100 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மராத்திப் படம் அது. வசூலைப் பார்த்த இந்தித் திரையுலகம் 2018 ஜூலையில் அதை ‘தடக்’ ஆக்கியது. சோலாப்பூர் வட்டாரத்துக் கரும்புக்காடு உதய்ப்பூரின் ஏரிக்கரை ஆனது. புதுமுகங்களின் இடத்துக்கு நட்சத்திரக் குடும்பங்களின் பிள்ளைகள் வந்தார்கள். சாதி ஓரிரு வரியில் வந்து, பணக்காரர் ஏழை என்ற பழைய கதைக்குள் காணாமல் போனது. ‘சைராட்’டின் உயிரே சாதிதான். அதை எடுத்துவிட்டு மீதியை விற்றார்கள், விற்பனையும் ஆனது.

அடுத்த இரண்டு மாதத்தில், 2018 செப்டம்பர் 28 அன்று, இங்கே ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று, அது இந்தியில் வெளியானது. பெயர், ‘தடக் 2’.

ஒரு நிமிடம் இதை யோசியுங்கள். முதல் ‘தடக்’கின் கதைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பாத்திரங்களும் வேறு. ஆனாலும் சாதியைப் பற்றிய ஒரு கதையை இந்தியில் பெரிய அளவில் வெளியிட, சாதியைத் துடைத்தெறிந்த ஒரு படத்தின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

படத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை. இயக்குநர் ஷாசியா இக்பால் நாயகனுக்கு நீலேஷ் அஹிர்வார் என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டாலே வடக்கே சாதி தெரிந்துவிடும். ரோகித் வெமுலாவை நினைவூட்டுகிற ஒரு மாணவர் தலைவர் படத்தில் இருக்கிறார். நம் ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் ஜோ, தன் குடும்பம் பரியனுக்குச் செய்தது எதையும் கடைசிவரை அறியாதவள். இங்கே நாயகி விதி அவளைவிட அதிகம் கேட்கிறாள், எதிர்க்கிறாள். அது ஓர் அடி முன்னே போனதுதான். மறுபுறம், நாயகனின் தோலைக் கருமையாக்கியிருப்பதை அங்கிருந்தே பலர் கண்டித்தார்கள். ஒடுக்கப்பட்டவன் என்றால் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்று இன்னும் நினைக்கிறார்கள். தணிக்கை வாரியம் 16 இடங்களில் கைவைத்த பிறகுதான் படம் வெளியே வந்தது. சாதியின் பெயரைச் சொல்கிற சொற்களும் அதில் அடக்கம். ஆக, சாதியை முதல் பாகத்திலிருந்து தயாரிப்பாளர்கள் எடுத்தார்கள், இரண்டாம் பாகத்தில் தணிக்கை எடுக்கப் பார்த்தது.

படம் வெளியானதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 27 அன்று, பரியனின் கதை நடக்கிற அதே திருநெல்வேலியில், பாளையங்கோட்டையில், கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். 27 வயது, மென்பொருள் பொறியாளர். ‘சைராட்’ வெளியானதற்கு ஏழு வாரம்கூட ஆகாத முன்பு, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டப்பட்டார். தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு நான் சிறிது நேரம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா, கொலைகள் வருகின்றனவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. “எத்தனை படம்தான் எடுப்பீர்கள்?” என்று கேட்கிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான். தெருவில் நடக்கிற தொடரை நிறுத்துங்கள், திரையில் வருவதை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். அதுவரை ஆணவப்படுகொலைக்கென்று ஒரு தனிச் சட்டத்தையாவது கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இந்தக் கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டாக வேண்டும். 2023இல் ‘சார்பட்டா பரம்பரை’யின் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டபோது நானும் கைதட்டினேன். இன்று கொஞ்சம் நிதானமாகக் கேட்கிறேன், நமக்கு அது எதற்கு? கபிலன் மறுபடியும் மேடையேறி மறுபடியும் ஜெயிப்பதைப் பார்க்கவா? அதற்கென்றால், எனக்கு அந்தப் பணத்தில் இரண்டு புதிய இயக்குநர்கள் படம் எடுப்பது மேல். ஆனால் அந்தப் படம் முடிந்த பிறகும் என்னோடு வீடுவரை வந்தவர் மாரியம்மாள். கபிலன் குடித்துச் சீரழிந்த நாள்களில் அந்த வீட்டை எப்படி நடத்தினார்? அவருக்கென்று ஏதாவது ஆசை இருந்ததா? இரண்டாம் பாகம் அங்கிருந்து தொடங்குமானால், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வரிசையில் நிற்பேன்.

‘தேவர் மகன்’ படத்தில் இசக்கியைத் தேடிய கண், நம் படங்களின் ஓரத்திலும் தேட வேண்டும். அங்கே நம் பெண்கள் நிற்கிறார்கள். நம்மிலும் கீழே தள்ளப்பட்டவர்கள், நம் நகைச்சுவைக் காட்சிகளில் அடிவாங்கியவர்கள் நிற்கிறார்கள். நாம் எழுதாத அவர்கள் கதையை ஒருநாள் அவர்களே எழுதுவார்கள். அன்று நாம், “மறுபடியுமா?” என்று கேட்காமல் இருக்க வேண்டும்.