வேலூர்க் கோட்டையும் நானிங் காடும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர் 1857 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிச் சிறப்பாகச் சொன்னார். மீரட், டில்லி, கொழுப்புத் தடவிய தோட்டா எல்லாம் வந்துவிட்டன. நான் அதற்கும் 51 ஆண்டுகள் முன்னே போகிறேன். அந்தக் கதையின் வால் நம்முடைய மலாக்காவில் கிடக்கிறது.

சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்களுக்குப் புதிய ஒழுங்குமுறை கொண்டு வந்தார். திருநீறு, நாமம் கூடாது. தாடி கூடாது. தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டே விரட்டினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் சிறைக்காவலில் இருந்தார்கள். சிப்பாய்கள் மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள்.

ஆனால் அன்று காலையே ஆற்காட்டிலிருந்து ஜில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். அரண்மனைக்குள் ஒதுங்கிய சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் கவர்னர் பெண்டிங்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இந்த ஜில்லெஸ்பியை நினைவில் வையுங்கள். 1811-இல் ஜாவாவைப் பிடிக்க ஆங்கிலேயர் படை திரட்டிய இடம் மலாக்கா. லார்ட் மிண்டோவும் ராபிள்ஸும் இங்கேதான் இருந்தார்கள். சுமார் 12,000 பேரில் ஏறத்தாழப் பாதி இந்தியச் சிப்பாய்கள். அந்தப் படையின் முன்னணிக்குத் தலைமை தாங்கியவர் அதே ஜில்லெஸ்பிதான்! ஐந்தே ஆண்டுகளுக்கு முன் வேலூரில் சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தியவரின் கட்டளையில் சிப்பாய்கள் கடல் கடந்தார்கள். 1815-இல் ஜாவாவில் இருந்த வங்காளச் சிப்பாய்கள் சதி செய்து பிடிபட்டார்கள். ஊர் திரும்பவிடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்ததும், டச்சுக்காரனிடம் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்ற பேச்சும்தான் காரணம்.

மதத்தில் கைவைத்ததால் மட்டும் கோபம் வந்தது என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். நாமும் அதையே ஒப்பிக்கிறோம். என் கருத்து வேறு. சம்பளம் மாதம் 7 ரூபாய் அளவில். 30 ஆண்டு உழைத்த சுபேதாரும் நேற்று கப்பலிறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். சுபேதாருக்கு மேல் இந்தியனுக்குப் பதவி கிடையாது. தோட்டத்தில் மண்டோருக்கு மேல் போக முடியாமல் வாழ்ந்து முடித்த நம் தாத்தாமார்களுக்கு இது புரியும். காலையில் பெரட்டுக்குப் போனோமே, அந்தச் சொல்லே 'பரேட்' என்ற பட்டாளத்துச் சொல்தான்.

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். அலோர் காஜா பக்கம் நானிங். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டது கம்பெனி. டோல் சாயிட் மறுத்தார். 1831 ஆகஸ்டில் அவரைப் பிடிக்கப் போன சுமார் 150 பேர் சென்னைப் படையின் சிப்பாய்கள். காட்டில் சிக்கி, தோற்றுத் திரும்பினார்கள். 1832-இல் பெரும்படை வந்தது. காட்டை வெட்டிப் பாதை போட்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஜூனில் தாபோவைப் பிடித்தார்கள். கிடைக்கக்கூடிய வரியைவிடப் போர்ச் செலவு பல மடங்கு.

டோல் சாயிட்டைப் பள்ளிப் பாடத்தில் வீரர் என்று படிக்கிறோம். வீரர்தான், சந்தேகமில்லை. அவரை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தவர்களில் நம் மண்ணிலிருந்து வந்தவர்களும் உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வேலூரில் எழுந்தவனும் சென்னைப் படைக்காரன். நானிங்கில் சுட்டவனும் சென்னைப் படைக்காரன். ஒருவனைத் தியாகி, இன்னொருவனைக் கைக்கூலி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஊரில் பஞ்சம், கையில் 7 ரூபாய், முதுகில் கசை. இதில் அவன் தேர்ந்தெடுக்க என்ன இருந்தது?

அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைத் தாபோவிலுள்ள டோல் சாயிட் கல்லறைக்கு அழைத்துச் செல்லும்போது, எதிர்ப்பக்கம் நின்ற சிப்பாய் எங்கிருந்து வந்தான் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.