டாக்டர் வாக்கு வேதவாக்கா?

(திருத்தணியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த மேடைக்கு மேலே மலை இருக்கின்றது. அதற்கு 365 படிகள் என்று கணக்குச் சொல்லுவார்கள். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் அந்தப் படிகளில் காவடி எடுத்து ஏறுகின்றவர்களில் எத்தனையோ பேர், வியாதி தீர்ந்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள். வியாதி வந்தால் மலைக்குப் போகாதே, மருந்துக்குப் போ என்று நாம் இதே ஊரில் பலமுறை பேசியிருக்கின்றோம். அந்தப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்குவதற்காக இன்று நாம் வரவில்லை. ஆனால் அன்று நாம் சொன்னது பாதி விஷயந்தான். ஆஸ்பத்திரி வாசற்படி ஏறிய பிறகு என்ன செய்வது என்கின்ற மறுபாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அதன் பலன் நமது வீட்டிலேயே வந்து விடிந்தது.

நமது தங்கைக்கு அப்போது வயது 34. நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். அடிவயிற்றில் வலி, வெள்ளைப்படுதல் என்று சொன்னாள். மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால் நாமே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அந்த ஒரு இடத்தைத் திட்டிவிட்டு மற்ற இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பப் போவீர்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். "கட்டி இருக்கிறது, விட்டுவைத்தால் புற்றாகிவிடும், பிள்ளை பெற்றாகிவிட்டதே, இனி அந்தப் பை எதற்கு?" என்றார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கர்ப்பப்பையோடு முட்டைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி வந்த ரிப்போர்ட்டில் இருந்தது என்ன? புற்று இல்லை, சாதாரண நீர்க்கட்டி. ஒரு வருஷத்திற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் அனல், இரவில் தூக்கமில்லை, மூட்டுக்கு மூட்டு வலி. பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அந்தப் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எதற்காக எடுத்தார்கள்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. சாமிக்கு அத்தாட்சி எங்கே என்று ஊர் ஊராய்க் கேட்டுத் திரிகிற நாம், அந்தக் காகிதத்திற்கு அத்தாட்சி கேட்கவில்லை. அதைவிடக் கேவலம், உடம்புக்குச் சொந்தக்காரியான அவளை, "உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிற்க, இது ஒரு வீட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நகரி வந்துவிடுகிறது, அது ஆந்திரா. 1960 ஏப்ரல் 1ந் தேதி வரையில் இந்தத் திருத்தணியும் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 2015-16இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார்கள். இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 3.2 பேர். ஆந்திராவில் நூற்றுக்கு 8.9 பேர், அதாவது ஏறக்குறைய மூன்று பங்கு. நாட்டில் இந்த ஆபரேஷன்களில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. தோழர்களே, யோசித்துப் பாருங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் பெண்களின் கர்ப்பப்பை மூன்று மடங்கு கெட்டுப்போகுமா? கெட்டது பையல்ல. நோய் என்று தீர்மானிக்கின்ற முறைதான் கெட்டிருக்கின்றது.

அது எப்படிக் கெடுகின்றது என்பதைக் கேளுங்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் கிருமியால் வருவது. சில நாள் மாத்திரையில் தீரக்கூடியது. முட்டைப்பையில் காணும் சாதாரண நீர்க்கட்டி மாதவிலக்கோடு வந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைவது. கர்ப்பப்பையில் உண்டாகும் சதைக்கட்டிகளில் புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம். கர்ப்பப்பை வாய் சிவந்திருந்தால் "புண்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அந்தச் சிவப்பு பல பெண்களுக்குச் சுபாவமாகவே இருப்பது. புற்றா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்திலிருந்து துளி எடுத்துச் சோதனை செய்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைச் செய்யாமலே, "புற்று வரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நமது ஜனங்கள் தாலியை அடகு வைத்தாவது பணங் கட்டிவிடுகிறார்கள். "செய்வினை இருக்கிறது" என்று மந்திரவாதி சொன்னதற்கும் இதற்கும் கேட்கின்றவன் மனத்தில் என்ன பேதம் இருக்கிறது என்று கேட்கின்றோம்.

எடுத்துவிட்டால் என்ன நஷ்டம் என்பீர்கள். முட்டைப்பை பிள்ளைக்காக மாத்திரம் வேலை செய்வதல்ல. அதில் ஊறும் சத்து எலும்பையும் இருதயத்தையும் காத்து வருகின்றது. உரிய வயதுக்கு முன் அதை எடுத்துவிட்டால் 35 வயதுக்காரி ஒரே நாளில் 50 வயதுக்காரியாகிவிடுகிறாள். எலும்பு தேய்கின்றது, இருதய வியாதிக்கு இடம் உண்டாகின்றது.

டாக்டர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. பணத்தாசை ஒரு காரணம் என்பது உண்மைதான். ஏழைகளுக்கு இனாமாக வைத்தியம் செய்ய ஆந்திராவில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஆபரேஷன் செய்தால் பணம், மாத்திரை கொடுத்து அனுப்பினால் பணமில்லை என்கின்ற ஏற்பாட்டில் கத்திக்குத்தான் வேலை அதிகமாகும். கடைசியில் கர்ப்பப்பை ஆபரேஷனைத் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்து எடுத்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மாத்திரம் என்று வைக்க நேர்ந்தது. மராட்டியத்தில் பீடு ஜில்லாவிலோ கதை இன்னும் கொடியது. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிக்கிறான். மாதவிலக்கு வந்தால் கூலி போகிறது. 2019இல் சர்க்கார் 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. நூற்றுக்குப் பதினேழு பேர்! வெளியே மேஸ்திரி, உள்ளே கத்தி. நடுவில் ஏழைப் பெண்.

ஆனால் பணத்தாசையே இல்லாத இடத்திலும் இந்தத் தவறு நடக்கும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். 1934இல் அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்குத் தொண்டையிலுள்ள டான்சில் சதையை ஏற்கெனவே அறுத்து எடுத்திருந்தார்கள். மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு அறுக்க வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று தள்ளப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேருக்கு அறுக்க வேண்டும் என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாவது தடவை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 51 பேரைப் பொறுக்கினார்கள். ஆயிரம் பேரில் கடைசியில் தப்பியது 65 பேர்! டாக்டர்கள் பொய் சொல்லவில்லை. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் இருக்கும் என்ற எண்ணத்தோடு பார்த்தார்கள், அப்படியே கண்டார்கள். மலையில் கருடன் வட்டமிடுவான் என்று எண்ணி அண்ணாந்து பார்க்கிறவனுக்குப் பருந்தெல்லாம் கருடனாகத் தெரிவதில்லையா?

இதைக் கேட்டவுடன் சாமி பக்கத்து ஆசாமி துள்ளிக் குதித்து, "பார்த்தீர்களா, அதற்குத்தான் வேப்பிலையும் விபூதியும்" என்பான். அவனுக்கு நமது பதில் இதுதான். இந்தத் தவறுகளைக் கண்டுபிடித்தது எந்தப் பூசாரி? நியூயார்க்கில் பிள்ளைகளை எண்ணியது மருத்துவ உலகம். இந்தியாவில் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்காக உச்சநீதிமன்றத்துக்குப் போனவர் நரேந்திர குப்தா என்கின்ற ஒரு டாக்டர். தன் தவறைத் தானே எண்ணிப் பார்த்து வெளியில் சொல்லுவது விஞ்ஞானம். இந்த மலையில் வேண்டிக்கொண்டு தீராமல் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கோவிலில் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

இன்னொருவர் கேட்கலாம்: "நீங்கள்தானே கர்ப்பத்தடை பேசியவர்கள்? பிள்ளை பெறுவதே பெண்ணுக்கு விலங்கு என்று சொன்ன இயக்கந்தானே?" ஆம், பேசினோம், பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் கர்ப்பத்தடைக்கென்று தனிக் கட்டுரையே இருக்கின்றது. நாம் சொன்னது பெண் தன் உடம்புக்குத் தானே எஜமானியாக இருக்க வேண்டும் என்பது. "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனிப் பை எதற்கு?" என்கின்றவன் பெண்ணைப் பிள்ளை பெறும் யந்திரமாகப் பார்த்து, வேலை முடிந்ததும் உறுப்பைக் குப்பையில் போடுகிறான். இது விடுதலையாகுமா? பழைய அடிமைத்தனத்துக்கே புதிய கத்தி.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டில்லியில் 44 வயதுள்ள ஒரு பெண்மணி 1995இல் வயிற்றுக்குள் பார்த்துச் சோதிப்பதற்குத்தான் சம்மதித்துப் படுத்தார். மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16இல் உச்சநீதிமன்றம், வயது வந்த பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றும், சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. தாய்க்கே இல்லாத அதிகாரம் அண்ணனான நமக்கு எங்கிருந்து வந்தது? 2023 ஏப்ரல் 5இல் அதே நீதிமன்றம், வேண்டாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சர்க்கார் 2022இல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாகாணங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. கேட்கின்றவன் இருந்தால்தான் அது ஆஸ்பத்திரிக்குள் நுழையும்.

ஆகவே தோழர்களே, கத்தி என்று சொன்னவுடன் இவற்றைக் கேளுங்கள். நோயின் பெயர் என்ன? அது என்று எந்தச் சோதனை காட்டுகிறது? மாத்திரை மருந்தில் பார்த்தாகிவிட்டதா? இப்போது அறுக்காமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விடப் போகிறீர்கள்? பிறகு ஸ்கேனையும் ரிப்போர்ட்டுகளையும் கையில் வாங்கிக்கொண்டு, முதல் டாக்டருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரிடம், முடிந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில், காட்டுங்கள். யோக்கியமான டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபிக்கின்றவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். புற்று என்று சோதனையில் நிச்சயமானால், எந்த மருந்துக்கும் நிற்காமல் உதிரம் போனால், குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தால், அங்கே கத்திதான் உயிர் காக்கும். அப்போது, "அன்று கூட்டத்தில் வேண்டாம் என்றார்களே" என்று நமது பேரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் கிடந்து சாகாதீர்கள். அப்படிச் செய்தால் நமது வார்த்தையையும் வேதவாக்காக்கியவர்கள் ஆவீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் உடம்பைப் பற்றிய காகிதத்தை அண்ணன், தம்பி, புருஷன் கையில் நீட்டினால் அதை முதலில் உங்கள் கையில் வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விளங்குகிறவரையில் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை என்று சொல்லுங்கள். நமது தங்கைக்கு இதைச் சொல்ல நாம் தவறிவிட்டோம். அவள் இன்று இந்தக் கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவும் பேசினோம். இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.