இரண்டு சக்கரம் இழுப்பதை நான்கு சக்கரம் இழுக்க வைக்கலாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பிறகு சாப்பாடு. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வாகன அச்சு சம்பந்தப்பட்ட தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, டூ வீல் டிரைவ் வாங்கிட்டு, அப்புறமா ஃபோர் வீல் டிரைவா மாத்திக்கலாமா?" 2023 ஜனவரியில் மகிந்திரா தார் வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வடிவத்தில் வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. பார்வைக்கு அதே வண்டி, விலை குறைவு. ஆனால் மூடியைத் திறந்தால், ஃபோர் வீல் டீசலில் 2.2 லிட்டர் என்ஜின், இதில் 1.5 லிட்டர். நான்கு மீட்டருக்குள் நீளம், 1500 சி.சி.க்குள் டீசல் என்றால் வரி குறைவு. அதற்காகவே அப்படி ஒரு வண்டி. ஒரு லீவரும் ஒரு ஷாஃப்டும் மட்டும்தான் குறைகிறது என்று நினைத்துக்கொண்டு போனால் கணக்கு உதைக்கும்.

மாற்றவே முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1930களில் ஃபோர்டு லாரிகளை வாங்கி, நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றி விற்றது. 1950களில் நாப்கோ என்ற நிறுவனம் செவர்லே, ஜி.எம்.சி. பிக்கப்களுக்கு முன் ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்டுகள் எல்லாம் சேர்த்து ஒரு முழு செட்டாகவே விற்றது. "முழு செட்" என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே கை வடிவமைத்தது. நம் ஊரில் நடப்பது, பழைய இரும்புக் கடையில் ஆக்ஸில் ஒரு வண்டியிலிருந்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு வண்டியிலிருந்து. என் தாய்மாமா விஷயத்தில் அதுதான் நடந்தது.

மாமாவுக்கு போடியில் வீடு, கேரளப் பக்கம் பூப்பாறைக்கு அப்பால் ஏலத்தோட்டம். போடி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், விடிகாலையில் ஜீப் ஜீப்பாகத் தோட்டத்து ஆட்கள் மலையேறுவார்கள். மாமாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப், டூ வீல் டிரைவ். தார் ரோடு வரை பிரச்சினை இல்லை. தோட்டத்துக்குள் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர், ஜூனில் மழை பிடித்துவிட்டால் சேறு. காய் எடுக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி மாட்டினால் அவர்கள்தான் இறங்கித் தள்ளவேண்டும். "மாப்ள, ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் வாங்கிப் போட்டுட்டேன். நீ லீவுல வந்து நின்னு பாத்துக்க, மாட்டிருவோம்" என்று போன் செய்தார். போனேன்.

முதலில் பல் கணக்கு. முன் ஆக்ஸிலின் கிரவுன்-பினியன் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாக இருக்கவேண்டும். பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு சக்கரம் அசையாமல் தரையில் இருக்கட்டும். மறுபக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஏன் ஒன்று இல்லை, இரண்டு சுற்று என்பதை டிஃபரென்ஷியல் பாடத்தில் தூங்காதவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். மாமா ஜீப்பின் பின்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அதாவது 39க்கு 8 பல், 4.88. வாங்கிப் போட்டிருந்த முன் ஆக்ஸிலை இரண்டு ஸ்டாண்டில் வைத்து அதே மாதிரி சுற்றினால் 43க்கு 8, 5.38.

பத்து சதவீத வித்தியாசம். ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் நூறு மீட்டர் கணக்கு இடிக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டும். கெட்டித் தரையில் வழுக்க வழியில்லாமல் ஷாஃப்டிலும் ஜாயிண்டிலும் முறுக்கு ஏறும். விகிதம் ஒன்றாக இருந்தாலே, வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் போவதால் கொஞ்சம் முறுக்கு ஏறத்தான் செய்யும். இந்த ரக ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போடாதே என்று சொல்வது அதனால்தான்.

"கிரவுன்-பினியனை மாத்திட்டாப் போச்சு" என்றார் மாமா. சரி, போச்சு. அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். டூ வீல் வண்டியின் கியர் பாக்ஸ் வால் வேறு, உள்ளே வெளியீட்டு ஷாஃப்ட் வேறு. கேஸை நேரடியாக மாட்ட முடியாது. தனியாகச் சேஸிஸில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு சின்ன ஷாஃப்ட் போடலாம். போட்டால் பின் ஷாஃப்ட் குட்டையாகிவிடும். குட்டையானால் கோணம் கூடும். போதாக்குறைக்கு அந்தப் பழைய கேஸில் வெளியீடு வலது பக்கம் தள்ளி இருக்கும், மாமா ஜீப்பின் பின் கிரவுனோ நடுவில். ஷாஃப்ட் மேலிருந்து கீழும் சரியும், வலமிருந்து இடமும் சரியும். கோணம் கூடக் கூட யுனிவர்சல் ஜாயிண்ட் ஒரே சுற்றுக்குள் வேகமாகவும் மெதுவாகவும் சுற்றும். அது முதலில் அதிர்வாகத் தெரியும், பிறகு ஜாயிண்ட் தேய்வதாகத் தெரியும்.

முன்பக்கம் இன்னும் வம்பு. டூ வீல் வண்டியில் முன்னால் இருப்பது வெறும் இரும்புப் பாலம். அதற்குப் பதில் வயிறு பருத்த ஆக்ஸில் வருகிறது. அந்த வயிறு எங்கே வரும்? என்ஜின் ஆயில் சம்புக்கு நேர் கீழே. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் சம்பில் இடிக்கும். சம்பை வெட்டி ஒட்டவேண்டும், இல்லை வண்டியை உயர்த்தவேண்டும். உயர்த்தினால் ஸ்டீயரிங் டிராக் லிங்க் சரிந்து, ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் ஹோஸ் நீளம் பற்றாது. ஸ்பிரிங் இருக்கையில் ஆப்பு வைத்து காஸ்டர் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்தால் கிரவுன் மூக்கு கீழே திரும்பி, முன் ஷாஃப்ட் கோணம் கெடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். வெளியூரில் இதைச் செய்து பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவரும் கூட இருந்தார். வெல்டிங் அருமையாகச் செய்வார். இரண்டு நாள் மூன்று பேரும் அளந்தோம். சம்பிடம் வந்தபோது அவரே, "தம்பி, நான் ஒட்டித் தந்துருவேன். ஆனா மலை இறக்கத்துல இந்த ஸ்டீயரிங்க நம்பி ஆள ஏத்திட்டுப் போறது நான் இல்லையே" என்றார். மாமா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆக்ஸிலையும் டிரைவையும் மாற்றுவதைச் சின்ன வேலை என்று யாரும் வாதாட முடியாது. பின்னால் பன்னிரண்டு பேர் இருக்கும்போது ஏதாவது ஆனால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த வெல்டிங் தையலைப் பற்றித்தான். நஷ்டஈடு கிடைக்காமல் போவது மாமாவுக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்களின் வீட்டுக்கும்தான்.

இன்னொன்று. மலைக்காரர்கள் "ஃபோர் வீல் வேணும்" என்று சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் கேட்பது லோ கியரை. முதல் கியர் 3, ஆக்ஸில் 5 என்று வையுங்கள். என்ஜின் முறுக்கு 15 மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.5 என்றால் அது 37 மடங்குக்கு மேல். ஏற்றத்தில் கிளட்சைக் கருக்காமல் நடை வேகத்தில் ஏறலாம். அதைவிட முக்கியம், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த டிரம் பிரேக்கோடு இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான்கு சக்கரம் இழுத்தாலும், சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினாலே போதும், வண்டி நின்றுவிடும். ஆகவே சேறு மட்டும்தான் பிரச்சினை என்றால், அதே அளவில் நல்ல மண் டயர் போட்டு, சேற்றுக்குள் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். கயிறும் மண்வெட்டியும் வண்டியில் இருக்கட்டும். பணம் செலவழிப்பது பிறகு.

மாமா அந்த டூ வீல் ஜீப்பை விற்றார். மேலே பணம் போட்டு, பிறவியிலேயே ஃபோர் வீலான, சான்றிதழ் சரியாக உள்ள பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. வாங்கிப் போட்ட ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் போன மாதம் லாரியில் நம் ஆட்டோமொபைல் லேபுக்கு வந்துவிட்டன. ஆயிலை வடித்துத்தான் அனுப்பியிருக்கிறோம். மேல் மூடியை இன்னும் கழற்றவில்லை. மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் முதலில் சக்கரத்தைச் சுற்றி விகிதத்தை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு கழற்றிப் பல்லை எண்ணிப் பாருங்கள். ஸ்பானர் செட்டை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லி லேப் அசிஸ்டென்ட் அண்ணன் என்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.