உடைபடாத சிலம்பு



திருநெல்வேலியிலிருந்து தாமிரபருணியை ஒட்டிக் கிழக்கே சென்றால், ஆறு கடலை அணுகும் இடத்தில் கொற்கை என்ற சிற்றூரைக் காணலாம். ஒரு காலத்தில் அது பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன பட்டினம். இன்று கடல் விலகிப் போய்விட்டது. அந்தக் கொற்கையை நினைவூட்டி இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் நாம் அறிந்த மிகப் பழைய தவறான தண்டனையின் உண்மை, முத்தைக் கொண்டே வெளிப்பட்டது.

பாண்டிமாதேவியின் சிலம்பில் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் பரல் மாணிக்கம். பாண்டியன் அரண்மனை முத்து கொற்கையில் குளித்த முத்தாகத்தான் இருந்திருக்கும். சிலம்பை உடைத்த மாத்திரத்தில் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடந்தான். ஒரே ஒரு கணம் போதுமாக இருந்த அந்தச் சோதனையைத் தண்டனைக்கு முன்னே யாரும் செய்யவில்லை. திருடிய பொற்கொல்லனே சாட்சி சொன்னான். மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்ற காவலரும் பேச்சால் மடக்கப்பட்டனர். குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை ஓங்கினான். தவறு எந்த எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை இளங்கோவடிகள் படிப்படியாகக் காட்டிவிடுகிறார்.

குற்றமற்றவன் தண்டிக்கப்படும் கதையை யார் சொன்னாலும், அதை அளக்க இதுவே உரைகல் என்று நான் கருதுகிறேன். சிலம்பு ஏன் உடைபடவில்லை, யார் அதை உடைக்காமல் விட்டார்கள் என்று அந்தக் கதை நமக்குச் சொல்கிறதா? இந்த உரைகல்லில் இன்று ஒரு திரைப்படத்தை உரசிப் பார்க்க விரும்புகிறேன். வெற்றிமாறன் இயக்கி, 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் திரைக்கு வந்த 'விசாரணை' என்ற படம் அது.

கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் என்பவர் எழுதிய 'லாக்கப்' என்ற நூல் படத்துக்கு அடிப்படை. 1983ஆம் ஆண்டு ஆந்திரத்துக் குண்டூரில், செய்யாத குற்றத்துக்காகத் தாமே போலீஸ் காவலில் பட்ட பாட்டை அவர் அதில் எழுதினார். ஆகவே படத்தின் முற்பகுதி கற்பனையில் மட்டும் பிறந்தது அன்று. உடம்பில் பட்ட அடியிலிருந்து பிறந்தது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதையும் பெற்றது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ் இளைஞர் சிலர், வாடகைக்கு அறை எடுக்க வழியின்றிப் பூங்காவில் படுத்துறங்குகிறார்கள். ஊரில் செல்வாக்குடைய ஒருவர் வீட்டில் கொள்ளை நடக்கிறது. உண்மைத் திருடன் அகப்படவில்லை. ஆனால் வழக்கை முடித்தாகவேண்டும். கேட்பார் இல்லாத இந்த இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். குற்றத்தை நீதிபதியின் முன் ஒப்புக்கொள்ளும்படி அவர்களை நாள்தோறும் அடிக்கிறார்கள். நீதிமன்றத்தில் தற்செயலாக வந்து சேர்ந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, விடுதலை கிடைக்கிறது. அந்த நன்றிக்கடனைத் தீர்க்கப் போன இடத்தில், ஓர் அரசியல் தணிக்கையாளரின் மரணத்தில் அவர்கள் மறுபடியும் சிக்கிக்கொள்கிறார்கள். இம்முறை மீட்சி இல்லை.

இனி, படத்தின் பலத்தைப் பார்ப்போம்.

மர்மப் படம் என்றால், குற்றம் செய்தது யார் என்ற கேள்வியைக் கடைசி வரையில் ஒளித்து வைப்பது வழக்கம். வீணை எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்த 'அந்த நாள்' அப்படிப்பட்டது. பாட்டே இல்லாமல் நம்மைக் கட்டிப்போட்ட படம். 'விசாரணை'யிலும் பாட்டு இல்லை. ஆனால் கேள்வி வேறு. குற்றம் செய்தது யார் என்பதை அங்கே எவரும் தேடவில்லை. குற்றவாளியாக யாரை ஆக்கலாம் என்பதே தேட்டம். அந்தப் பொய் எப்படி உருவாகிறது என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். மேலிடத்து நெருக்குதல் முதலில் வருகிறது. பிறகு கணக்குத் தீர்க்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. பிறகு, யாரைத் தொட்டால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்ற யோசனை. கடைசியில் தடி. நமது உரைகல்லில் படத்தின் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே மின்னுகிறது.

இரண்டாவது பலம், மொழியைக் கதையின் அச்சாணியாக வைத்தது. அடிக்கிறவர் பேசுவது அடிபடுகிறவனுக்கு விளங்கவில்லை. எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள்ளேயே பல அடி விழுந்துவிடுகிறது. நீதிமன்றக் காட்சியில் இன்ஸ்பெக்டர் முத்துவேல் வாய் திறந்தவுடன் கதையின் போக்கே மாறுகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் விடுதலை, கிடைக்காவிட்டால் சிறை. எவ்வளவு மெல்லிய நூலில் நீதி தொங்குகிறது! குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தை விளக்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று என்பதை இந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது.

இது நெல்லைச் சீமையாருக்கு அந்நியமான செய்தியா? பம்பாய்த் தாராவியில் குடியேறிய தமிழர்களில் பெரும்பகுதியினர் நம் பக்கத்து மக்களே. கையில் ஒரு பையும் உறவினர் முகவரி ஒன்றும் கொண்டு, மராத்தியும் இந்தியும் தெரியாமல் ரயிலேறியவர்கள் எத்தனை பேர்! குண்டூர்ப் பூங்காவில் படுத்திருக்கும் அந்தப் பையன்களைப் பார்க்கும்போது, நம் வீட்டிலிருந்து போன ஒருவருடைய முகம் மனத்தில் தோன்றாமல் இராது.

மூன்றாவது, நடிப்பு. பாண்டியாக வரும் தினேஷ் வீரம் காட்டவில்லை; வலியைத் தாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். அதுவே நம்மை உலுக்குகிறது. முத்துவேலாக வரும் சமுத்திரக்கனி, நல்லவராக இருந்தும் அந்த நன்மைக்குச் செயலாற்ற இடமில்லாமல் தவிக்கும் ஓர் அதிகாரியை அளவோடு நடித்திருக்கிறார். சிறந்த துணை நடிகர் என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது பொருத்தமே. படத்தொகுப்புக்காகக் கிஷோருக்குக் கிடைத்த விருது, அவர் மறைந்த பிறகு வந்தது.

குறைகளும் உண்டு.

முதல் குறை, சட்டம் என்ற ஒன்று இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போவது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியை விடவில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகள் விதித்தது: கைதுக் குறிப்பு எழுதி அதில் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்லவேண்டும், காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்கவேண்டும். இப்படி ஒவ்வொன்றும் சிலம்பை உடைத்துப் பார்ப்பதற்கென்று நாடு வகுத்துக்கொண்ட வாய்ப்பு. படத்தில் இவை எல்லாம் மீறப்படுகின்றன. ஆனால் மீறப்படுகின்றன என்பதைப் படம் சொல்லவில்லை. போலீஸ் நிலையம் என்றால் இப்படித்தான் என்ற எண்ணத்தோடு பாமரன் வெளியே வருகிறான். அச்சம் வளர்கிறது, உரிமை உணர்ச்சி வளரவில்லை. ஒரு மாஜிஸ்திரேட்டின் ஒரே ஒரு கேள்வியால் இந்தக் குறை நீங்கியிருக்கும்.

இரண்டாவது குறை பிற்பகுதியில் இருக்கிறது. குண்டூரில் நாம் கண்டது அன்றாடக் கொடுமை. அதைச் செய்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று உறங்கும் சாதாரண மனிதர்கள். தமிழ்நாட்டுக்குக் கதை வந்ததும் கட்சி, கறுப்புப் பணம், மேலதிகாரிகளின் சூழ்ச்சி என்று விரிகிறது. விறுவிறுப்பு ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் பெரிய மனிதர்களின் சதியினால்தான் ஏழை சாகிறான் என்று ஆகிவிடும்போது, சதியே இல்லாமல் வெறும் பழக்கத்தினால் நடக்கும் அநியாயம் மறைந்துபோகிறது. முற்பகுதி நம்மைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கியது; பிற்பகுதி அந்தச் சுமையை இறக்கி அரசியல்வாதியின் தலையில் வைத்துவிடுகிறது.

மூன்றாவது, அடி. தேவைக்கு மேல் காட்டுகிறார்கள். ஒரு அளவைத் தாண்டினால் பார்ப்பவன் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடியவனுக்கு எதையும் உணர்த்த முடியாது. பெண் பாத்திரங்களுக்கும் படத்தில் போதிய இடம் இல்லை. காவலில் இருக்கும் ஒருவனுக்காக நிலைய வாசலில் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் தாயும் மனைவியுமே. கண்ணகி இல்லாத சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள்.

இத்தனை குறையையும் எடுத்துச் சொன்ன பிறகும், இந்தப் படத்தை நம் மாவட்டத்தார் பார்க்கவேண்டும் என்றே சொல்வேன். அதன் காரணம் திரையில் இல்லை. நம் ஊரில் இருக்கிறது.

படம் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2020 ஜூன் 19ஆம் தேதி, சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் மகனும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டார்கள். 1986 வரையில் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர் அது. இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் விடியுமுன் தந்தையும் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரணையை மேற்கொண்டது. அந்தப் போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க வகை செய்தது. வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், அதே நிலையத்தில் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை அச்சத்தோடு, ஆனால் மறைக்காமல், சொன்னார்.

அந்தப் பெண்மணியை எண்ணும்போது, கோவலனைப் பார்த்து ஐயுற்ற அந்தக் காவலர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஐயம் வந்தது, வாய் வரவில்லை. இவருக்கு வாய் வந்தது. ஆனால் இரண்டு உயிர்கள் போன பிறகு வந்தது. 'விசாரணை'யில் முத்துவேலின் துயரமும் இதுவே. நீதிமன்றத்தில் அந்நியருக்காகப் பேசிய அதே மனிதரால், தம் நிலையத்துக்குள் தம்மவர்களுக்கு எதிராகக் காலத்தில் பேச இயலவில்லை. படத்தின் மிக ஆழமான பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறான தண்டனைக்குப் பொய்ச்சாட்சி மட்டும் போதாது. மெய்யறிந்தவர் மௌனமும் வேண்டியிருக்கிறது.

கொற்கையிலிருந்து தொடங்கினேன், கொற்கையிலேயே முடிக்கிறேன். கோவலன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. நெடுஞ்செழியன் இறந்த பிறகு, கொற்கையில் ஆண்டுவந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம். ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரம் பேர்! அவர்களில் எவனுடைய சிலம்பையாவது யாராவது உடைத்துப் பார்த்தார்களா? ஒரு அநீதியைக் கண்டு பொங்கும் நெஞ்சம், ஆராயாமல் இன்னோர் அநீதியைச் செய்துவிடக்கூடும். கொடிய குற்றம் ஒன்று நடந்த மறுநாளே, பிடிபட்டவனைச் சுட்டுத் தள்ளவேண்டும் என்று தேநீர்க் கடையில் நாம் பேசுகிறோம் அல்லவா? 'என்கவுன்ட்டர்' செய்தியைப் படித்துக் கைதட்டுகிறோம் அல்லவா? சுடப்படுகிறவன் யார், அவன் செய்தானா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அந்தத் துப்பாக்கியின் எதிர்ப்பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதே இந்தப் படம் செய்யும் பேருதவி.

இன்று நெல்லைச் சந்திப்பில் வந்து நிற்கும் ரயில்களிலிருந்து பீகாரிலும் வங்காளத்திலும் பிறந்த இளைஞர்கள் இறங்குகிறார்கள். நம் கட்டடங்களில் செங்கல் சுமக்கிறார்கள். நம் ஓட்டல்களில் இலை எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நாளை நம் தெருவில் ஒரு திருட்டுப் போனால், முதல் ஐயம் யார்மேல் விழும் என்பதை உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள். அப்போது அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்ல நம்மில் ஒருவர் நிலைய வாசலுக்குப் போவோமா? குண்டூரில் நம் பையன்களுக்குக் கிடைத்த அந்த ஒரு குரல், திருநெல்வேலியில் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும்.