பிள்ளைகளுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்?



சிறு சமூகங்களும் அடுத்த தலைமுறையும் என்ற பொருளில் கருத்தரங்கு என்றார்கள். தலைமையுரைக்கு இந்திய யூதர்களை எடுத்துக்கொள்கிறேன் என்றதும், “புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிக் கூட்டம் போட்டுவிட்டு யூதர் கதை எதற்கு?” என்றார் அமைப்பாளர்களில் ஒருவர். கேள்வி நியாயமானதுதான். புதுச்சேரிக்காரர்கள் எல்லாரும் அறிந்த யூதக் குடும்பத்துப் பெண் என்றால் அரவிந்தர் ஆசிரமத்து அன்னை ஒருவர்தான். 1878-ல் பாரிசில் பிறந்தவர். பெற்றோருக்கு மதத்தில் பிடிப்பில்லை. அவரும் அந்த மரபைச் சுமந்துகொண்டு இங்கே வரவில்லை.

ஆனால் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய நம் சொல்தா குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள்? பாரிசுக்கு வடக்கே சார்செல் மாதிரியான புறநகர்களில். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூதர்கள் திரளாகக் குடியேறிய ஊர் அது. இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் ஒரே கவலைதான்: பிள்ளை நம்ம வழிக்கு வருமா? இந்தக் கவலையோடு நம்மைவிட நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் யூதர்கள்.

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 26,000 யூதர்கள். இன்று 5000-க்கும் உள்ளே. யாரும் விரட்டவில்லை; பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். போகும் முன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்து வளர்த்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கொச்சியில் பெண்களிடம் பாட்டு நோட்டுகள் இருந்தன. கையால் எழுதிய மலையாளப் பாடல்கள். வேதாகமக் கதை, ஜெப ஆலயம் கட்டிய கதை, கல்யாண வாழ்த்து. சில பாடல்களின் பழைய மலையாளம் தமிழ்க் காதுக்கு அந்நியமாகவே படாது. பாடுவது பெண்கள் வேலை. விசேஷ வீட்டில் ஆண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டு வகுப்பு ஒன்றும் கிடையாது. பாட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அம்மாவோடும் பாட்டியோடும் நின்று பெண் குழந்தையும் குரல் கொடுக்கும். பிறகு அதன் கையிலும் ஒரு நோட்டு. 1912-ல் பிறந்த ரூபி டேனியல் இப்படி வளர்ந்தவர். போர்க்காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் வேலை பார்த்தார், 1951-ல் இஸ்ரேல் போனார், முதிய வயதில் அந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1995-ல் அவருடைய நினைவுக் குறிப்பு நூலாக வந்தது.

அதே ரூபியின் குடும்பத்தார்க்கு மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் சம உரிமை இல்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழி வந்தவர்கள் என்று முத்திரை குத்தி, பெஞ்சில் உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தி வழியில் அங்கேயே சத்தியாகிரகம் செய்து அதை உடைத்தார். இதைச் சொல்லாமல் கொச்சி மரபைப் புகழ்வது அரைக் கதை. பாரம்பரியம் உன்னுடையது, பெஞ்சு உன்னுடையது அல்ல என்று கேட்டு வளரும் பிள்ளை எத்தனை நாள் அங்கே இருக்கும்? நம்மிடமும் இப்படிப் பெஞ்சுகள் உண்டு. இன்னின்னது என்று நான் சொல்லித்தான் இந்த அவைக்குத் தெரிய வேண்டுமா?

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் இன்னொரு வழி கண்டார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் வாங்கிய எண்ணெய் ஆட்டுகிறவர்கள் அவர்கள். எபிரேயம் பலருக்கும் புரியாது. அதனால் 1880 வாக்கில் பம்பாயில் ஒரு கீர்த்தனை மண்டலி அமைத்து, ஆபிரகாம் கதையையும் யோசேப்பு கதையையும் மராத்தியில் ஹரிகதை பாணியில் பாட ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு மலிதா சடங்கும் அப்படித்தான்: ஒரு தட்டில் ஊறிய அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, சுற்றிப் பழங்கள், எலியா தீர்க்கதரிசியை நினைத்து ஓதிவிட்டுப் பங்கிட்டுக்கொள்வார்கள். கீழே பெரிய மார்க்கெட்டில் பத்து நிமிஷத்தில் வாங்கிவிடக்கூடிய சாமான்தான் எல்லாம். கலப்படம் என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை.

கட்டடங்களைக் காப்பாற்றினால் போதும் என்பவர்கள் கொல்கத்தா போய் வரலாம். 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்றும் நன்றாகவே நடக்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள். அழகான செய்திதான். யூதப் பிள்ளைகள் மட்டும் அங்கே இல்லை.

உலக யூதர்களிடம் இன்று பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. 1999 முதல் வெளிநாட்டு யூத இளைஞர்களைப் பத்து நாள் இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துப் போகிறார்கள். சுற்றுலா என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதைவிடப் பஸ்கா இரவின் விருந்துதான் பெரிதாகப் படுகிறது. இந்த இரவுக்கு என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே அன்று வீட்டாருக்குப் பாதி வேலை. பதின்மூன்று வயதில் பையன் சபை நடுவே தோரா வாசிக்கிறான். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஆளைக் காணோம் என்று அமெரிக்க யூதர்கள் அங்கலாய்க்கிறார்கள். அடுத்த வாரத்துக்கு அவனுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லையே! நாமும் பொங்கல் விழாவில் குறள் ஒப்பிக்க வைக்கிறோம், கோப்பை கொடுக்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். இளைஞர்களைப் பற்றி ஏழு கட்டுரைகள். வாசிப்பவர்களில் இளைஞர் ஒருவரும் இல்லை. பிற்பகல் அமர்வின் தலைமையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் விடும்படி கேட்டேன். அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு சரி என்றார்கள். நேரத்தைக் கறாராகப் பார்ப்போம் என்று மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் கட்டுரையைச் சுருக்கி வைத்துக்கொள்வது நல்லது. முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.