சீட்டு ஏலத்தில் ஒரு கணக்குப் பாடம்

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்ததும் 52 சீட்டுகளும் வந்துவிடும். ஒரு சீட்டு எடுத்தால் அது ராணியாக இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்கிறோம். மாணவர் 1/13 என்று எழுதுகிறார், மதிப்பெண் போடுகிறோம். அந்த 1/13-ஐ வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுப்பாய் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அதையே கேட்கும் ஆட்டம் காண்ட்ராக்ட் பிரிட்ஜ்.

சீட்டு என்றதும் சிலருக்குச் சங்கடம் வரும். பிரிட்ஜ் ஆடப் பணம் வைக்க வேண்டியதில்லை. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கம் உண்டு. ஆடவர் இரட்டையர் பிரிவில் நம் நாட்டின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை தங்கம் வென்றது. பர்தனுக்கு அப்போது வயது 60.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர் ஆட வேண்டும். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஒருவர் கைக்கு இந்த 13 சீட்டுகள் எத்தனை விதமாக வரலாம்? பதினொன்றாம் வகுப்பின் சேர்வுகள் பாடத்தைக் கொண்டு கணக்கிட்டால் 63,501 கோடிக்கு மேல் வரும். எனவே மனப்பாடம் இங்கே உதவாது.

ஆடுவதற்கு முன் ஏலம் நடக்கும். எந்த இனம் துருப்பு, மொத்தம் 13 சுற்றில் எத்தனை சுற்று வெல்வோம் என்று கேட்க வேண்டும். 1 என்று கேட்டால் 6-உடன் ஒன்று சேர்த்து 7 சுற்று என்று பொருள். 1 முதல் 7 வரை, நான்கு இனங்களும் 'துருப்பில்லை' என்ற ஐந்தாவதும் சேர்த்து 35 கேட்புகள். கூட்டாளியிடம் பேசக்கூடாது, சாடையும் காட்டக்கூடாது. ஆகவே ஒவ்வொரு கேட்பும் கூட்டாளிக்குச் சொல்லும் செய்தியாகவும் ஆகிறது.

கையின் பலத்தை எண்ண ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மந்திரிக்கு 1. கட்டு முழுவதும் 40 புள்ளி. கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 இருந்தால் 'கேம்' எனும் பெரிய பரிசுக்கு முயலலாம். அதற்கு 'துருப்பில்லை'யில் 9 சுற்று, ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ 10 சுற்று வெல்ல வேண்டும்.

இப்போது ஒரு கையைக் கரும்பலகையில் எழுதுவோம். ஸ்பேடில் ராஜா, மந்திரி, 8, 6, 3. ஹார்ட்டில் ஏஸ், 5. டைமண்டில் ராணி, 7, 4. கிளாவரில் 9, 6, 2. மொத்தம் 10 புள்ளி. கூட்டாளி '1 துருப்பில்லை' என்று தொடங்கியிருக்கிறார். அவரிடம் 15 முதல் 17 புள்ளி, ஓரளவு சமமாகப் பரவிய கை என்பது அதன் பொருள். கூட்டினால் குறைந்தது 25. கேமுக்குப் போகலாம். எந்தக் கேமுக்கு?

கூட்டாளியிடம் மூன்று ஸ்பேடு இருந்தால் இருவருக்கும் சேர்த்து எட்டு. அப்போது '4 ஸ்பேடு' நல்லது. இரண்டே இருந்தால் '3 துருப்பில்லை' நல்லது. அவரிடம் எத்தனை என்று நமக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றை உடனே கேட்டால் அது ஊகம். தேர்ந்த ஆட்டக்காரர் '2 ஹார்ட்' என்பார். கையில் இருப்பதோ இரண்டே ஹார்ட்! ஆனால் முன்பே செய்துகொண்ட, எதிரணியும் கேட்டறியக்கூடிய ஒப்பந்தப்படி, 'என்னிடம் ஐந்து ஸ்பேடாவது உண்டு, நீங்கள் 2 ஸ்பேடு சொல்லுங்கள்' என்பது அதன் பொருள். கூட்டாளி '2 ஸ்பேடு' சொன்னதும் இவர் '3 துருப்பில்லை' என்பார். ஸ்பேடு ஐந்து, கேமுக்குப் பலம் உண்டு என்ற இரண்டு செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்று ஸ்பேடு வைத்திருந்தால் கூட்டாளி '4 ஸ்பேடு'க்கு மாற்றுவார், இரண்டே என்றால் அப்படியே விட்டுவிடுவார். தெரியாததை ஊகிக்காமல், தெரிந்தவரிடம் முடிவை ஒப்படைத்ததால் இதுவே இங்கே சிறந்த கேட்பு.

சரி, '4 ஸ்பேடு' கேட்டாயிற்று. வெற்றி உறுதியா? எதிரணியிடம் மீதி ஐந்து ஸ்பேடு இருக்கின்றன. அவை 3–2 எனப் பிரிய வாய்ப்பு சுமார் 68 விழுக்காடு. 4–1 என்பது 28. ஐந்தும் ஒருவரிடமே இருப்பது 4. அந்த 4 விழுக்காடு வந்து ஆட்டம் தோற்றாலும் கேட்பு தவறாகிவிடாது. போட்டிகளில் அதே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடவைத்து ஒப்பிடுவதும் இதனால்தான். நல்ல சீட்டு வந்த அதிர்ஷ்டத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'தி பிரிட்ஜ் வேர்ல்டு' இதழில் ஒரு பகுதி உண்டு. ஒரு கையைக் கொடுத்து வல்லுநர் பலரிடம் என்ன கேட்பீர்கள் என்பார்கள். வல்லுநர்களே வேறுபடுவார்கள். முதலிடம் பெறும் கேட்புக்கு 100 மதிப்பெண், மற்றவற்றுக்குத் தகுதிக்கேற்பக் குறைவு. அவர்கள் சொல்லும் காரணங்களும் அச்சாகும்.

நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாவில் குருட்டாம்போக்கில் குறித்த விடைக்கு முழு மதிப்பெண். நன்றாக யோசித்து எடுத்த முடிவு தோற்றால், 'தப்புப் பண்ணிட்டியே' என்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்து எந்தப் பிரிவு எடுப்பது என்று நிற்கும் பிள்ளைக்கும் முழுத் தகவல் கையில் இல்லை. இருக்கும் தகவலை எண்ணிப் பார், இல்லாததை யாரிடம் கேட்கலாம் என்று பார், பிறகு முடிவெடு என்பதை எந்தப் பாடவேளையில் பழக்குகிறோம்?

சீட்டுக்கட்டை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வாரம் ஒரு கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'என்ன கேட்பாய், ஏன்?' என்று கேளுங்கள். கேட்புக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை புள்ளிகளைக் கூட்டட்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, மறைந்திருக்கும் 26 சீட்டுகளை இருவருக்குப் பிரித்து அந்த 68 விழுக்காடு எப்படி வந்தது என்று தானே கண்டுபிடிக்கட்டும். ஒரே கைக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு கேட்புகள் சொன்னால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் இருவரையும் பேச விடுங்கள்.